கோடு மாறினும் கொடுவாள் மாறவில்லை

பாலக்காடு 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. நவம்பர் முதல் நாள் அனைத்தும் கேரளமாயின. கோடு மாறிற்று, கொல்லன் உலை மாறவில்லை. பாலக்காட்டு எல்லைத் தமிழர் கொடுவாள் என்பதும், இடுக்கி மலையாளிகள் வாக்கத்தி என்பதும் ஓரினத்துக் கருவிகளே. கொடுவாளின் நுனி வளைவு அழகுக்கன்று. முட்கிளையைக் கொக்கிபோல் இழுத்து வெட்டுவதற்கு.

விடுமுறையில் மலையேறும் நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்கித் தருவதோ பளபளக்கும் கடைக்கத்தி! உலைக்களம் சென்று, அலகைத் தட்டி ஒலி கேட்டு, காம்பு பிடிக்குள் ஆழ இறங்கியுள்ளதா, பூண் இறுகியுள்ளதா எனப் பார்த்தே வாங்குதல் வேண்டும். விறகு பிளக்கக் கனம் தேவை; காய் நறுக்கச் சிறுகத்தி போதும். காப்புக்காட்டில் மட்டும் உறையைவிட்டு எடுக்கலாகாது. கம்பம், போடியிலிருந்து ஏலமலை ஏறிய நம் முன்னோர்க்கு உடன்வந்த கருவி இது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அதன் இரு பெயர்களுமே தெரியவில்லை.