பக்கத்தின் கடைசி வரி: விக்கிப் பகுப்பு முறையின் வளர்ச்சியும் தேனி மாவட்டக் கட்டுரைகளும்

தமிழ் விக்கிப்பீடியாவில் கம்பம், சின்னமனூர், மேகமலை என்று எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அதன் அடியில் 'பகுப்புகள்' என்ற வரி இருக்கும். வாசிக்க வருபவர் பெரும்பாலும் அதுவரை இறங்குவதில்லை. கட்டுரைகளைத் தொகுப்பவர்களுக்கோ அந்த வரியும் உள்ளடக்கத்தைப் போலவே விவாதத்துக்கு உரியது. நிரலாளர்களின் விக்கியில் வெறும் வழக்கமாகத் தொடங்கிய இந்த வரி, மென்பொருளின் உறுப்பாக மாறித் தமிழுக்கு வந்து, தேனி மாவட்டத்து ஊர்களையும் ஆறுகளையும் மனிதர்களையும் வகைப்படுத்திய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 'இது என்ன?', 'இது எதைப் பற்றியது?' என்ற இரு கேள்விகளைத் தொடக்ககால நிரலாளர்கள் பிரித்து வைத்திருந்தனர். பின்னாளில் இரண்டும் ஒரே வரியில் கலந்துவிட்டன. அந்தக் கலப்பின் விளைவைக் கம்பம் பள்ளத்தாக்கில் தெளிவாகக் காணலாம்.

நிரலாளர்கள் வகுத்த வழக்கம்

நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று திறந்த விக்கிவிக்கிவெப்தான் உலகின் முதல் விக்கி. நிரல் வடிவமைப்பில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்களை நிரலாளர்கள் கூடி எழுதிச் சேர்ப்பது அதன் நோக்கம். அதில் கோப்புறைகளும் கிடையாது, பகுப்புக்கெனத் தனி வசதியும் கிடையாது. அந்த மென்பொருள் அறிந்திருந்தது இணைப்பு ஒன்றைத்தான்.

அந்த இணைப்பைக் கொண்டே பயனர்கள் வகைப்பாட்டைக் கட்டினர். பக்கத்தின் கடைசியில் 'கேட்டகரி' என்று தொடங்கும் வேறொரு பக்கத்தின் பெயரை எழுதி வைப்பார்கள். அந்தப் பெயருடைய பக்கத்துக்குப் போய்த் தலைப்பைச் சொடுக்கினால், அதைச் சுட்டும் பக்கங்கள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். இப்படிப் பட்டியலை யாரும் தனியே எழுதாமலே பட்டியல் உருவாயிற்று. ஒரு பக்கம் எத்தனை பட்டியலில் வேண்டுமானாலும் இடம்பெறலாம் என்ற நெகிழ்வும் கிடைத்தது. பைத்தான் மொழிச் சமூகத்தின் விக்கி பயன்படுத்திய மொயின்மொயின் மென்பொருளும் இதே பெயரிடல் வழக்கத்தைப் பின்பற்றியது.

விக்கிவிக்கிவெப்பில் 'டாபிக்' என்று தொடங்கும் இன்னொரு வகைப் பெயரும் புழங்கியது. பக்கத்தின் தன்மையைச் சொல்வது 'கேட்டகரி', பக்கம் பேசும் பொருளைச் சொல்வது 'டாபிக்' என்பதே நோக்கம். ஒரு புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரை தன்மையால் மதிப்புரை, பொருளால் சோதனை முறை பற்றியது என்று இரண்டையும் தனித்தனியே குறிக்க இது இடம் தந்தது.

மென்பொருளுக்குள் நுழைந்த பகுப்பு

விக்கிப்பீடியா 2001 சனவரியில் யூஸ்மாட்விக்கி என்ற எளிய மென்பொருளில் தொடங்கியது. இன்று மீடியாவிக்கி எனப்படும் மென்பொருள் அதன் பிறகு வளர்ந்தது. 2004-இல் வந்த அதன் 1.3 பதிப்பில் பகுப்பு ஒரு தனிப் பெயர்வெளியாக, அதாவது தனி வகைப் பக்கங்களின் தொகுதியாக, அமைந்தது. பகுப்புக்கு உள்ளே துணைப்பகுப்பு வைக்கவும், ஒரு துணைப்பகுப்பை ஒன்றுக்கு மேற்பட்ட தாய்ப்பகுப்புகளில் சேர்க்கவும் முடிந்தது.

வசதி பெருகினாலும் 'டாபிக்' என்ற இரண்டாவது கேள்விக்குத் தனி இடம் ஒதுக்கப்படவில்லை. இன்னது என்பதும், இன்னது பற்றியது என்பதும், இன்ன இடத்தில் உள்ளது என்பதும் ஒரே வகைக் குறியீட்டில் அடங்க வேண்டியதாயிற்று. எதை எங்கே வைப்பது என்ற முடிவு ஒவ்வொரு மொழிச் சமூகத்தின் பொறுப்பாக விடப்பட்டது.

தமிழில் பகுப்பு

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் இணைந்த இ. மயூரநாதன் அதன் அடித்தளக் கட்டுரைகள் பலவற்றை எழுதினார். பகுப்பு வசதி வருவதற்கு முன்பே தமிழ்த் தளம் பிறந்துவிட்டதால், பகுப்பு மரம் கட்டுரைகளோடு சேர்ந்தே படிப்படியாக வளர்ந்தது. விரைவுப்பகுப்பி போன்ற கருவிகள் வந்த பின் பகுப்பைச் சேர்ப்பதும் மாற்றுவதும் எளிதாயின.

தேனிக்கும் இந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தேனியைச் சேர்ந்தவரும் முத்துக்கமலம் இணைய இதழின் ஆசிரியருமான மு. சுப்பிரமணி, தமிழ் விக்கிப்பீடியாவின் நிருவாகிகளுள் ஒருவர். அத்தளத்தின் அமைப்பையும் செயல்முறையையும் விளக்கும் 'தமிழ் விக்கிப்பீடியா' என்ற அவருடைய நூல் 2010-இல் வெளிவந்தது. கணினித் திரையில் மட்டுமே கற்க முடிந்த ஒரு நடைமுறை, இந்நூலால் நூலக அலமாரிக்கும் வந்தது.

மாவட்டம் என்ற சட்டகம்

தமிழ்நாட்டு இடங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை அலகு மாவட்டம். தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே 2003-க்குப் பின் எழுதப்பட்ட கட்டுரைகளுக்குத் தேனி தொடக்கம் முதலே தனிப் பகுப்பாக அமைய முடிந்தது. 2019-இல் உருவான தென்காசி, கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களின் நிலை வேறு. பகுப்பு என்பது ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதப்பட்ட ஒரு வரி என்பதால், மாவட்டம் பிரியும்போது அந்தந்தக் கட்டுரைகளைத் திருத்தியாக வேண்டும்.

2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது. அந்த வளர்ச்சியில் விக்கிப்பீடியர் நீச்சல்காரன் எழுதிய தானியங்கி நிரல் உருவாக்கிய ஊராட்சிக் கட்டுரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தேனி மாவட்டத்தில் 8 ஊராட்சி ஒன்றியங்களும் 130 ஊராட்சிகளும் இருக்கின்றன. ஒன்றியம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி என்ற வரிசையில் தரவு கிடைக்கும்போது, அதே வரிசை கட்டுரையின் வாக்கியமாகவும் வகைப்பாடாகவும் ஆகிறது. அரசின் நிருவாக அடுக்கு இவ்வாறு அறிவின் அடுக்காகவும் நிலைபெற்றது.

ஆனால் அந்த அடுக்குகளே ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதில்லை. தேனி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு தேனி மாவட்டத்தில் உள்ளன. சோழவந்தானும் உசிலம்பட்டியும் மதுரை மாவட்டத்தவை. காலமும் இதேபோல் இடறுகிறது. இசையமைப்பாளர் இளையராசா 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தபோது அந்த ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்றைய எல்லைப்படி அவர் தேனி மாவட்டத்தவர் ஆகிறார். பகுப்பின் பெயரில் இந்தக் கால வேறுபாட்டைக் குறிக்க இடமில்லை.

பள்ளத்தாக்கு எங்கே நிற்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கை ஊர்க்காரர் ஒரே நிலமாகவே பேசுவர். லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஆற்றோடு இறங்கும் நிலம் அது. வட்டமாகவோ ஒன்றியமாகவோ அரசு ஆவணம் அதை வரையறுப்பதில்லை. மாவட்ட மரத்தில் கம்பமும் சின்னமனூரும் வெவ்வேறு ஒன்றியங்களின் கிளைகளில் அமர்கின்றன. அவற்றை இணைக்கும் ஆறு அந்த மரத்தில் வேறொரு கிளைக்குப் போய்விடுகிறது.

முல்லைப் பெரியாறு அணை இன்னும் கூர்மையான சான்று. பொறியாளர் பென்னிகுயிக் பொறுப்பில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அதை இயக்குவது தமிழ்நாடு. தண்ணீர் சுரங்க வழியாக மலையைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்கிறது. 'இது எங்கே இருக்கிறது?' என்றால் விடை இடுக்கி. 'இது எந்த நிலத்தின் வாழ்வைப் பற்றியது?' என்றால் விடையில் கம்பம் பள்ளத்தாக்கு இல்லாமல் முடியாது. இரு விடைகளையும் ஒரே வகைப் பகுப்பாக எழுதும்போது, தேனி மாவட்டப் பகுப்பில் அணையைச் சேர்ப்பவரும் அதை நீக்குபவரும் அவரவர் கேள்விக்குச் சரியானதையே செய்பவர்கள் ஆகிறார்கள்.

இந்தச் சிக்கல் அணையோடு நிற்பதில்லை. 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் மாவட்ட எல்லையைத் தாண்டிப் பரவியுள்ளது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பயிராகவும், சட்டப் பதிவாகவும், நிலத்தின் அடையாளமாகவும் மூன்று கிளைகளைக் கோருகிறது. நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருப்பதால் 'கூடலூர் (தேனி)' என்று தலைப்பிலேயே மாவட்டம் ஏறிவிடுகிறது.

ரங்கநாதனும் விக்கித்தரவும்

ஒரு பொருளை ஒரே மரத்தில் தொங்கவிட முடியாது என்பதைச் சீர்காழியில் பிறந்த சீ. இரா. ரங்கநாதன் முன்பே உணர்ந்திருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த அவர், 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களாகப் பொருளைப் பிரித்து, வேண்டியபடி சேர்ப்பது அவர் வகுத்த முறை. விக்கிப் பகுப்போ 'தேனி மாவட்ட நபர்கள்' என்ற பாங்கில், முகங்களை முதலிலேயே சேர்த்து ஒரே பெயராக உறையவைக்கிறது. மாவட்டந்தோறும் அதே வகைப் பெயர்களை மீண்டும் உருவாக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு என்ற தரவுத்தளம், முகங்களை மீண்டும் பிரித்தது. ஓர் உருப்படி எவ்வகையது என்பதைப் பி31 என்ற பண்பும், எந்த நிருவாகப் பகுதியில் உள்ளது என்பதைப் பி131-உம், எந்த இயற்கை அமைப்பில் உள்ளது என்பதைப் பி706-உம் குறிக்கின்றன. சின்னமனூருக்குத் தேனி மாவட்டம் ஒரு விடையாகவும் கம்பம் பள்ளத்தாக்கு இன்னொரு விடையாகவும் ஒரே சமயத்தில் அமையலாம். அணைக்கு இடுக்கி என்று எழுதுவதால் அதை இயக்குபவர் தமிழ்நாடு என்ற செய்தி மறைவதில்லை.

இதனால் பகுப்பு வரி தேவையற்றதாகிவிடவில்லை. தரவைக் கேட்டுப் பெற வினவல் மொழி தெரிந்திருக்க வேண்டும். பகுப்பையோ பள்ளி மாணவரும் சொடுக்கிப் பார்க்கலாம். ஆனால் விக்கிவிக்கிவெப்பின் நிரலாளர்கள் வைத்திருந்த பிரிப்பைப் பகுப்புப் பெயர்களிலேயே மீட்க முடியும். ஊர், ஆறு, கோயில் என்ற தன்மைப் பகுப்புகள் மாவட்ட வாரியாகத் தொடரட்டும். கம்பம் பள்ளத்தாக்கு, வருசநாடு, வைகைப் படுகை போன்றவை பொருட்பகுப்புகளாகத் தனியே நிற்கட்டும். எது அவற்றில் சேரலாம் என்ற வரையறையை அந்தந்தப் பகுப்புப் பக்கத்தின் தலையில் எழுதி வைத்தால் போதும். அணையைச் சேர்ப்பதா நீக்குவதா என்ற பூசலில் பாதி அங்கேயே தீரும். மாவட்ட எல்லை நாளை மாறினாலும் அந்தப் பொருட்பகுப்புகளைத் திருத்த வேண்டியிராது.