ஸ்ட்ராபெரிப் பயிர்ச்செய்கையில் கோழி எரு

கோழி எரு என்பது கோழிப் பண்ணைகளில் சேரும் எச்சமும், தரையில் பரப்பப்படும் மரத்தூள், உமி முதலிய கூளமும் கலந்த இயற்கை உரம் ஆகும். செம்புற்றுப்பழம் எனவும் அழைக்கப்படும் ஸ்ட்ராபெரிக்கு இது அடியுரமாக இடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயற்கை முறையில் ஸ்ட்ராபெரி பயிரிடுவோர் இதனை மக்கச் செய்து பயன்படுத்துகின்றனர்.

சத்துகள்

பறவைகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. அவற்றின் நைட்ரசன் கழிவு பெரும்பாலும் யூரிக் அமிலமாக எச்சத்துடனேயே வெளியேறுகின்றது. இதனால் மாட்டெருவை விடக் கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும்போது அமோனியா உண்டாகின்றது. கோழிக் கொட்டகையில் கண்ணை எரிக்கும் நெடி இதுவே. மக்காத எருவை வேரருகே இட்டால் வேர் கருகும்.

உப்பும் சுண்ணாம்பும்

உப்பைத் தாங்கும் திறன் மிகக் குறைந்த பயிர்களுள் ஸ்ட்ராபெரியும் ஒன்று. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்சு அளவைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கோதுமைக்கு இவ்வெல்லை 6 ஆகும். கோழி எருவிலோ உப்புகள் அதிகம். முட்டைக்கோழிகளின் எருவில் தீவனத்தின் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். சற்றே அமிலத்தன்மை கொண்ட மண்ணை விரும்பும் இச்செடிக்கு அது மிகுந்தால் இரும்புச்சத்துக் கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாகும்.

நோய்க்கிருமிகள்

கோழி எச்சத்தில் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். ஸ்ட்ராபெரி தரையை ஒட்டிக் காய்ப்பது; சமைக்காமல் உண்ணப்படுவது. கலிபோர்னியாவில் இப்பழத்தை வயலிலேயே பறித்து, கழுவாமல் விற்பனைப் பெட்டிகளில் அடுக்குகின்றனர். கழுவினால் விரைவில் அழுகிவிடும்.

2002 இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிகளின்படி, உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிர்களுக்கு மக்காத எருவை அறுவடைக்குக் குறைந்தது 120 நாட்களுக்கு முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். நடவு நாளில் இருந்து அன்று, அறுவடை நாளில் இருந்தே இது கணக்கிடப்படுகின்றது. விதிப்படி மக்கச் செய்த எருவுக்கு இக்காத்திருப்பு இல்லை. நீள்குவியல் முறையில் 15 நாட்கள் 55 முதல் 77 பாகை செல்சியசு வெப்பம் நிலவ வேண்டும். அதற்குள் குவியலை ஐந்து முறையாவது புரட்ட வேண்டும்.

மக்கிய எருவின் குறை

வெப்பம் கிருமிகளை அழிக்குமே தவிர உப்பை அகற்றாது. குவியல் சுருங்கச் சுருங்க உப்பின் செறிவு கூடவும் செய்யும். எனவே எருவை அளவோடு இட்டு, நடவுக்கு முன் பாத்திகளில் நீர் பாய்ச்சி உப்பை அலசுவதுண்டு. அந்நீருடன் நைட்ரேட்டும் நிலத்தடிக்கு இறங்குகின்றது. ஸ்ட்ராபெரி பெருமளவில் விளையும் சலீனாசு பள்ளத்தாக்கின் கிணறுகளில் நைட்ரேட்டு மிகுந்திருப்பதற்கு, விளைநிலங்களில் இடப்படும் செயற்கை உரமும் விலங்கு எருவுமே முதன்மைக் காரணம் எனக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகம் 2012 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகின்றது.