நாள்வழியும் பேரேடும்: சொல்லடைவு வந்த வழி

வியாபாரம் செய்கிறவர்களுக்கு இரண்டு புத்தகம் உண்டு. நாள்வழியில் நடந்தது நடந்தபடி தேதிவாரியாக எழுதுவோம். பேரேட்டில் அதையே ஆள்வாரியாகப் பிரித்து, பக்க எண்ணோடு ஏற்றுவோம். ஒருத்தர் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் நாள்வழியைப் புரட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நூல்களுக்கும் இதே கதைதான். செய்யுள் நாள்வழி, சொல்லடைவு பேரேடு. இன்று கம்ப்யூட்டர் தரவுத்தளங்களில் 'முழு உரைத் தேடல்' என்கிறார்களே, அதுவும் பேரேட்டு வேலைதான்.

தமிழில் இது படிப்படியாக வந்தது. திவாகரமும் பிங்கலந்தையும் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். நம் சமண ஆசிரியர் மண்டலபுருடர், குணபத்திரரின் மாணாக்கர், சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கினார். சிலர் இதை வெறும் செய்யுள் அலங்காரம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது தேடுகிறவனுக்குச் செய்த உபகாரமாகவே படுகிறது. 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசைக்கு வந்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி.

இவையெல்லாம் பொருள் சொல்பவை. சொல் எந்தப் பாட்டில் இருக்கிறது என்று இடம் சொல்வது சொல்லடைவு. வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் செய்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதி வெளியிட்டது. ஆனால் அச்சில் ஒரு சங்கடம். பின்னால் வருகிற பதிப்பில் ஒரு பாடம் மாறினால், அடைவு பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

தரவுத்தளத்தில் பேரேட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் சும்மா வராது. ஒரு கட்டுரை சேர்ந்தால் அதிலுள்ள நூற்றுக்கணக்கான சொல்லையும் தனித்தனிப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அதனால் போஸ்ட்கிரெஸ் 2009 முதல், புதிய சொற்களை ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டுவைத்து, பிறகு மொத்தமாக ஏற்றுகிறது. கடைசாத்தும் நேரத்தில் பேரேடு எழுதுவது மாதிரி! பட்டியல் நீண்டால் தேடல் மந்தமாகும், ஏனென்றால் அதையும் முழுதாகப் பார்த்தாக வேண்டும். மைஎஸ்கியூஎல் இன்னோடிபியில் ஒரு பதிவை அழித்தாலும் சொற்கள் உடனே அடைவை விட்டுப் போவதில்லை. 'இது அழிந்தது' என்று வேறொரு இடத்தில் குறிப்பு மட்டும் விழும். ஆப்டிமைஸ் டேபிள் கட்டளையால் அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு கஷ்டம். நூலை, நூலில், நூலுக்கு எல்லாம் ஒரே ஆள் கணக்கு. விகுதி நீக்கி ஒரே பெயரில் சேர்க்கும் வசதி போஸ்ட்கிரெஸில் 2019இல்தான் தமிழுக்கு வந்தது. வெட்டும் விதியை மாற்றினால் பழைய அடைவு தானாகத் திருந்தாது, முழுக்க மறுபடி கட்ட வேண்டும். சந்தி அதைவிட மோசம். 'பொற்றொடி' என்று இருப்பதை, 'பொன்' என்று தேடினால் கிடைக்காது.

அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசி போன்ற நம் நூல்களை அப்படியே ஏற்றிவிட்டுப் போனால் என்ன ஆகும்? இந்தி பேசும் ஊரில் பிறந்த நம் பேரன் ஒரு சொல்லைத் தட்டுவான். பூஜ்யம் என்று வரும். நூலில் அந்தச் சொல்லே இல்லை என்று நம்பிவிடுவான். அதனால் மூலபாடம் ஒரு பத்தியிலும், சந்தி பிரித்த பாடம் பக்கத்துப் பத்தியிலும் இருக்கட்டும். இரண்டுக்கும் அடைவு கட்டுங்கள். மூலத்தைத் திருத்துகிற அன்றே பிரித்த பாடத்தையும் திருத்துங்கள்.