சாமியாரின் முதுகில் இருந்த தங்கம்

எங்கள் அப்பாயிமாருக்குப் பூசை என்றால் சாமியாரின் முதுகுதான். 1960கள் வரை பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனம் அவருக்குப் பின்னால் முழங்காலில் இருக்கும். சொல்வது விளங்காது, முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் மேலே போட்டிருந்த பட்டு உடுப்பும், அதன் முதுகில் சரிகையால் தைத்த சிலுவையும்தான். இந்த உடுப்புகளில் பெரிய வேலைப்பாடு முதுகுப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணமும் அதுதான். தைத்தவர்களுக்குச் சனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

ஊவாக் கத்தோலிக்கர்கள் 1886இல் உருவான கண்டி மறைமாவட்டத்துக்குள் இருந்தார்கள். பதுளைக்குத் தனி மறைமாவட்டம் கிடைத்தது 1972இல். அந்த நீண்ட காலத்தில் மிஷன் கோயில்களுக்கு உடுப்புகள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தன. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஏழைக் கோயில்களுக்காகத் தைத்து அனுப்பவென்றே பெண்கள் சங்கங்கள் இருந்தன. பட்டுக்குப் பேர்போன ஊர் லியோன். அங்கே 1831 நவம்பரில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: நெய்யும் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம். உடன்பாடு எழுதப்பட்டது, முதலாளிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள், தெருவில் இரத்தம் சிந்தியது. ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்காக வருசக்கணக்கில் ரோட்டில் நின்ற தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை.

பட்டறைக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். தங்க நூல் முழுத் தங்கம் இல்லை. பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டை மெல்லிய நாடாவாக இழுத்து, பட்டு நூலின் மேல் சுற்றுவார்கள். காஞ்சிபுரம் சேலையின் பழைய சரிகையும் இப்படித்தான். இந்த நூலைத் துணிக்குள் குத்தி இழுத்தால் தகடு உரிந்துவிடும். அதனால் அதைத் துணியின் மேலே படுக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பட்டு நூலால் சின்னச் சின்னதாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே மினுங்குவது தங்கம், பிடித்து வைத்திருப்பது தெரியாத நூல்.

பட்டிலும் ஒரு நிறுவைக் களவு இருக்கிறது. பச்சைப் பட்டின் பசையை அவித்து எடுத்தால் எடை ஏறக்குறைய கால்வாசி குறையும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு. எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகர உப்புக் கரைசலில் தோய்த்து எடையை ஏற்றினார்கள், போனதற்கு மேலாகவும் ஏற்றினார்கள். கையில் எடுத்தால் நல்ல கனமாக இருக்கும். சில பத்தாண்டுகளில் அதே பட்டு மடித்த இடங்களில் சருகு மாதிரி நொறுங்கும். பழைய உடுப்புகளில் தையல் வேலை அப்படியே இருக்க, அடித்துணி மட்டும் கிழிந்து தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பக்கம் கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் கழிப்பார்கள், அங்கே கூட்டியிருக்கிறார்கள். தராசு யார் கையில் இருக்கிறது என்பதுதான் விசயம்.

எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்ததென்று நினைத்துவிடவும் கூடாது. எலன் தெ ஷப்போத்தன் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி 1865இல் மதுரை மிஷனுக்கு வந்தார். அங்கிருந்து பிரிந்து ஊட்டிக்குப் போன அவரும் தோழிகளும் 1877 ஜனவரி 6இல் பாப்பரசரின் அனுமதி பெற்றுத் தொடங்கிய சபைதான், பின்னாளில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் ஆனது. 1886இல் இலங்கைக்கும் வந்தார்கள். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் எம்பிராய்டரியும் பழக்கி, கோயில் உடுப்பு செய்யும் பட்டறைகளை இந்தச் சபை பல நாடுகளில் நடத்தியது. (1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் சொந்தங்கள் பலர் போய்ச் சேர்ந்ததும் அதே நீலகிரிதான்.)

அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்த உடுப்பிலும் இல்லை. கம்பெனி தைத்ததென்றால் உள் லைனிங்கில் ஒரு லேபிள் இருக்கலாம், மடம் தைத்ததென்றால் சிலவேளை அதுவும் இருக்காது. கொழுந்தெடுத்த கைகளின் பெயர் தேயிலைப் பெட்டியில் இல்லாத மாதிரி. இதை நாங்கள் கோயிலுக்கு எதிராகச் சொல்லவில்லை. தோட்டத்துச் சனம் கண்ட அழகான பொருட்களில் இந்த உடுப்பும் ஒன்று என்பதையும் மறுக்க மாட்டோம். ஸ்டோர் மணிக்கும் லயத்துக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை அது கண்ணுக்குக் கிடைத்த விருந்து.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சாமியார் சனத்தின் பக்கம் திரும்பினார், பூசை தமிழுக்கு வந்தது. உடுப்பும் மாறியது. லேசான, துவைக்கக்கூடிய துணிகள் வந்தன. செத்தவர் பூசைக்குப் போடும் கறுப்புப் பட்டு ஏறக்குறைய காணாமலே போனது. பழையவை அலுமாரிக்குள் போயின. மலைநாட்டு ஈரமும் பூச்சியும் மிச்ச வேலையைச் செய்கின்றன.

மந்திரித்த உடுப்பு கந்தலானால் குப்பையில் போடக் கூடாது, எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது கோயிலின் பழைய வழக்கம். மரியாதையான வழக்கம்தான். ஆனால் எரித்துவிட்டால் அந்தக் கையெழுத்தும் போய்விடும். உங்கள் தோட்டத்துக் கோயிலில் அப்படி ஏதும் கிடந்தால் சாமியாரிடம் கேட்டு, ஒரு வெள்ளைத் துணியில் தட்டையாக விரித்துப் படமெடுங்கள். கழுவ வேண்டாம், அயன் போட வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். மடிக்கும்போது மடிப்புக்குள் சுருட்டிய பருத்தித் துணி வையுங்கள். லைனிங் எங்காவது அவிழ்ந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் மறைந்த கட்டுத் தையல் அந்தப் பின்பக்கத்தில் தெரியும்: எங்கே நூல் முடிந்தது, எங்கே புதுசாகத் தொடங்கியது, எந்த இடத்தில் வேறொரு கை வந்து தொடர்ந்தது என்று.