மூக்கடைப்பு ஒன்று, திசுக்கள் வேறு

விலைவாசி உயர்வு ஓர் அறிகுறி மட்டுமே. அதன் காரணம் பற்றாக்குறையாகவும் இருக்கலாம், பணப்புழக்கமாகவும் இருக்கலாம் என்று பல்லாண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவன் நான். ஸ்ரீரங்கத்தில் அண்டை வீட்டார் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்னும்போது அந்தப் பாடமே நினைவுக்கு வருகிறது. புற்றுநோயல்லாத மூக்குக் கட்டிகள் பல வகை. மூக்கடைப்பு அவற்றுக்குப் பொது. ஆனால், மற்ற அறிகுறிகள் திசுவின் தன்மைக்கேற்ப மாறுகின்றன.

பாலிப் எனப்படும் சாதாரணச் சதை வளர்ச்சி, நீர்கோத்து வீங்கிய சவ்வுதான். அதில் ரத்த நாளங்களும் நரம்புகளும் குறைவு. எனவே, அது வெளிறித் தெரியும், வலிக்காது, ரத்தம் வடிவதும் அரிது. மணம் உணரும் பகுதிக்குக் காற்று செல்வதைத் தடுப்பதால் வாசனை தெரியாமல் போகும்.

வளரிளம் பருவ ஆண்களுக்கு மூக்கின் பின்புறம் தோன்றும் ஆஞ்சியோஃபைப்ரோமா இதற்கு நேர்மாறானது. அதன் ரத்த நாளச் சுவர்களில் சுருங்குவதற்கு வேண்டிய தசை இல்லை, அல்லது மிகக் குறைவு. அதனால்தான், வலியே இல்லாமல் ரத்தம் கொட்டுகிறது. ஸ்கேன் எடுக்காமல் அதைக் கிள்ளிச் சோதிப்பது ஆபத்து.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதியாகக் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ், கட்டிபோலத் தோன்றும் ஒரு தொற்று. குளங்களில் குளிப்போரிடம் இது அதிகம். 1900-இல் பியூனஸ் அயர்ஸில் செபர் இதன் கிருமியை விவரித்தார். பூஞ்சை என்று கருதப்பட்ட அது, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் இனம் என்பதை 1999-இல் மரபணு ஆய்வு காட்டியது. சிவந்த சதையின்மேல் தெரியும் வெண்புள்ளிகள் அக்கிருமியின் வித்துப் பைகள். ரத்த நாளங்கள் மிகுந்திருப்பதால் தொட்டாலே கசியும். வெட்டிய இடத்தின் அடிப்பகுதியைச் சுடாவிட்டால் மீண்டும் வளரக்கூடும்.

தலைகீழ் பாப்பிலோமாவோ பார்வைக்குப் பாலிப் போலவே இருக்கும். ஆனால், அதன் மேல்திசு உள்நோக்கி மடிந்து வளர்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே அடைக்கும். அகற்றினாலும் திரும்ப வரும். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும்.

அகற்றிய சதையை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எறிந்துவிடுவது சிக்கனம் அன்று. பிறகு கொடுக்க நேரும் விலை மிகப் பெரிது. திருச்சி போன்ற நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் திசு ஆய்வுக்கெனத் தனித் துறையே உண்டு. ஒரு பக்க மூக்கடைப்பு நீடித்தாலோ, அடிக்கடி ரத்தம் வடிந்தாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சை நடந்தால், திசு ஆய்வு அறிக்கையைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.