10 மைக்ரோமீட்டர் மேடு: முதிய விண்மீன்களின் சிலிக்கேட் தூசியும் ஆய்வக மாதிரிகளும்

1968இல் கில்லட், லோ, ஸ்டெய்ன் ஆகிய மூவரும் குளிர்ந்த விண்மீன்கள் சிலவற்றின் அகச்சிவப்பு ஒளியை அளந்தபோது, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி எதிர்பாராத ஒரு மேடு தெரிந்தது. மறு ஆண்டே உல்ஃபும் நெய்யும் அதற்குச் சிலிக்கேட் தூசியே காரணம் என்றனர். கில்மனின் வேதிக் கணக்கு இதற்கு வலுச் சேர்த்தது. விண்மீன் வளியில் கார்பனும் ஆக்சிஜனும் முதலில் கார்பன் மோனாக்சைடாகப் பிணைந்துவிடும். ஆக்சிஜன் மிஞ்சினால் சிலிக்கேட் உறையும், கார்பன் மிஞ்சினால் கரித்துகளும் சிலிக்கான் கார்பைடும் உறையும்.

சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு நீண்டு சுருங்குவதால் 10 மைக்ரோமீட்டர் பட்டையும், ஆக்சிஜன்–சிலிக்கான்–ஆக்சிஜன் கோணம் வளைவதால் 18 மைக்ரோமீட்டர் பட்டையும் எழுகின்றன. இனம் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தச் சிலிக்கேட்? அதைச் சொல்ல, ஆய்வகத்தில் அளந்த மாதிரி வேண்டும். இத்துறையின் வரலாற்றைத் தொலைநோக்கிகளின் வரிசையாகவே எழுதிவருகிறோம்; மாதிரிகள் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்ட கதையே அதன் முதுகெலும்பு என்பது என் கருத்து.

பூமியின் பாறைகளை அரைத்து அளந்தால் கூர்மையான பல முகடுகள் தோன்றின. விண்மீன்கள் காட்டியதோ ஒரே அகன்ற மேடு. எனவே படிக ஒழுங்கற்ற பொருளைச் செய்துபார்க்க வேண்டியதாயிற்று. 1970களில் டே, மக்னீசியம் சிலிக்கேட்டைக் கரைசலிலிருந்து வீழ்படிவாக்கினார். நாசாவின் கோடார்டு மையத்தில் நத்தும் டானும் ஆவியைக் குளிரவைத்துப் புகைபோன்ற நுண்துகள்களைப் பெற்றனர். விண்மீன் காற்றில் நடப்பதற்கு மிக நெருங்கிய முறை இதுவே. ஜெர்மனியின் யேனாவில் டார்ஷ்னர் குழுவினர் உருகலைச் சட்டெனக் குளிர்வித்துக் கண்ணாடியாக்கினர். மக்னீசியமும் இரும்பும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த அக்கண்ணாடிகளுக்கு 1995இல் அவர்கள் தந்த ஒளியியல் மாறிலிகளை இன்றும் ஆய்வாளர்கள் கையாள்கின்றனர்.

இடையில் 1984இல் டிரெய்னும் லீயும் 'வானியல் சிலிக்கேட்' என்ற ஒன்றை முன்வைத்தனர். அதன் பண்புகளில் ஒரு பகுதி வான அவதானிப்புக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டது. கணக்கீட்டுக்கு அது பெரிதும் உதவியது. ஆனால் வானத்தைக் கொண்டு செய்த மாதிரியை வைத்து வானத்தின் கனிமத்தை அறிய முடியாது.

1995 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பிய அகச்சிவப்பு விண்வெளி ஆய்வகம் நிலைமையைப் புரட்டியது. வாட்டர்ஸ் குழுவினர் 1996இல், ஆக்சிஜன் மிகுந்த தூசி உறைகளின் நிறமாலையில் 20 மைக்ரோமீட்டருக்கு அப்பால் கூர்மையான முகடுகளைக் கண்டனர். அவை படிகச் சிலிக்கேட்டுக்கு உரியவை. பொருந்தாதென்று ஒதுக்கிய படிகப் பொடி மீண்டும் மேசைக்கு வந்தது. ஜப்பானில் கோய்கே குழுவும் யேனாவில் யேகர் குழுவும் ஆலிவின், பைராக்சீன் எனும் சிலிக்கேட் படிகங்களை அளந்து, மக்னீசியத்தின் இடத்தில் இரும்பு ஏற ஏற முகடுகள் நீண்ட அலைநீளத்துக்கு நகர்வதைப் பதிவுசெய்தனர்.

அளக்கும் முறையிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. பொடியைப் பொட்டாசியம் புரோமைடுடன் கலந்து வில்லையாக அழுத்தி, அதனூடே ஒளி செலுத்துவதே நெடுநாள் வழக்கம். விண்வெளித் துகளைச் சுற்றி அந்த உப்பு கிடையாது. 2006இல் யேனாவில் தமனாய் முதலியோர் துகள்களை வளிமத்தில் மிதக்கவிட்டே அளந்து, உப்பில் பதித்தால் முகட்டின் இடமும் வடிவமும் மாறிவிடுவதைக் காட்டினர். இரும்பின் விகிதத்தையே முகட்டின் சிறு நகர்வால் கணிக்கும் துறையில் இதை அற்பமென்று தள்ள முடியாது.

ஃபார்ஸ்டரைட் எனும் மக்னீசிய ஆலிவினின் 69 மைக்ரோமீட்டர் பட்டைதான் இந்த அளவீடுகளின் கடுமையான தேர்வுக்களம். அது இரும்பாலும் நகரும், வெப்பநிலையாலும் நகரும். ஆகவே முன்கூட்டியே ஆய்வகத்தில் மாதிரிகளைக் குளிர்வித்து அளந்துவைக்க வேண்டியிருந்தது. ஹெர்ஷல் விண்கலம் 2009 முதல் 2013 வரை இயங்கியபோது அந்த அளவீடுகள் கைகொடுத்தன. முதிய விண்மீன்களின் படிக ஆலிவினில் இரும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை என்று தெரிந்தது.

அப்படியானால் இரும்பு எங்கே? ஒரு பகுதி உலோகத் துகளாகவே உறைந்திருக்கலாம். 2002இல் கெம்பர் குழுவினர் முதிய விண்மீன் ஒன்றின் தூசி உறையை விளக்க உலோக இரும்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் உலோக இரும்புக்கு அகச்சிவப்பில் தனக்கென ஒரு பட்டை இல்லை. சிலிக்கேட்டைக் காட்டிக்கொடுத்த மேடுபோல எதுவும் அதற்குக் கிடையாது.