அகதியாக வந்தவர் தேசியக் கவிஞரானார்



அரசவைக் கவிஞர் என்றதும் மன்னனைப் பாடிப் பொற்கிழி பெறும் புலவர்தான் எமது நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் 1668 இல் ஜோன் டிரைடன் அப்பதவிக்கு வந்தபோது நிலைமை ஏறக்குறைய அதுவே. அமெரிக்காவிலோ மன்னரும் இல்லை, அவையும் இல்லை. அங்கு காங்கிரஸ் நூலகம் 1937 முதல் கவிதை ஆலோசகர் ஒருவரை நியமித்து வந்தது. 1985 இல் வந்த சட்டம் அவருக்குத் தேசியக் கவிஞர் என்ற பட்டத்தையும் சேர்த்தது. அரசைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. மக்களிடம் கவிதையைக் கொண்டு செல்வதே அவரிடம் எதிர்பார்க்கப்படுவது.

1991 இல் அப்பதவிக்கு வந்த யோசப் புரொட்ஸ்கியின் கதையை எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் 1940 இல் லெனின்கிராட்டில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். உழைக்காமல் பிழைப்பவர் என்று சோவியத் அரசு 1964 இல் அவர் மீது வழக்குத் தொடர்ந்தது. உம்மைக் கவிஞர் என்று அங்கீகரித்தது யார் என்று நீதிபதி கேட்டார். யாருமில்லை, என்னை மனித இனத்தில் சேர்த்தது யார் என்று அந்த 23 வயது இளைஞர் திருப்பிக் கேட்டார். 5 ஆண்டு கட்டாய உழைப்புத் தண்டனை கிடைத்தது. வட பகுதிக் கிராமம் ஒன்றில் ஒன்றரை ஆண்டு கழித்த பின் விடுதலையானார். 1972 யூனில் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். மகனைப் பார்க்கப் பெற்றோர் பல தடவை அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. பார்க்காமலே இருவரும் கண்மூடினார்கள். அந்தத் துயரத்தை எமது வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் அவர் பல்கலைக்கழக ஆசிரியரானார். கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதினார். கவிதையைப் பெரும்பாலும் தாய்மொழியான ரஷ்ய மொழியிலேயே எழுதினார். 1987 இல் நோபல் பரிசு பெற்றார்.

கவிஞரல்ல என்று ஒரு நாடு தண்டித்தவரை இன்னொரு நாடு தேசியக் கவிஞராக்கியது. அந்தப் பெருமையோடு அவர் சும்மா இருக்கவில்லை. 1991 ஒக்ரோபரில் நூலகத்தில் ஆற்றிய உரையில் ஒரு கணக்குச் சொன்னார். 25 கோடி மக்கள் வாழும் நாட்டில் ஒரு கவிதை நூல் 2,000 முதல் 10,000 பிரதிகள்தான் அச்சாகிறது. இது போதாது, மலிவு விலையில் இலட்சக்கணக்கில் அச்சிட்டு, மக்கள் சாமான் வாங்கும் கடைகளிலும் விடுதி அறைகளிலும் வையுங்கள் என்றார். அந்த உரையைப் படித்த அன்ட்ரூ கரோல் என்ற மாணவர் அவருடன் இணைந்தார். 1993 இல் இருவரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கவிதை நூல்கள் இலவசமாகக் கிடைத்தன. 1996 இல் புரொட்ஸ்கி மறைந்த பின்னும் அந்தப் பணி தொடர்ந்தது.

1997 இல் பதவியேற்ற ரொபேட் பின்ஸ்கி இன்னொரு வழி கண்டார். உங்களுக்குப் பிடித்த கவிதை எது, ஏன் என்று பொதுமக்களைக் கேட்டார். ஓராண்டில் 18,000 பேர் பதில் அனுப்பினர். சிலர் தம் குரலிலேயே வாசித்தது பதிவு செய்யப்பட்டது.

எமக்கென்று அரசும் இல்லை, அப்படியொரு பதவியும் இல்லை. ஆனால் பின்ஸ்கி கேட்ட கேள்விக்குப் பதவி தேவையில்லை, ஒரு வானொலி போதும். அம்மம்மாவுக்கு மனப்பாடமான பாட்டை அவரே சொல்லட்டும். அதன் பொருளைப் பேரப்பிள்ளை தனக்கு வசதியான மொழியில் சொல்லட்டும். தாய்மொழியைக் கைவிடாமலே வந்த நாட்டில் தலைநிமிரலாம் என்பதற்குப் புரொட்ஸ்கியே சாட்சி. எமது பிள்ளைகளுக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும்.